ஒரு வியாபாரியின் கையெழுத்து

கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க தம்பி. காலையில இருந்து ஒரு வாய் காப்பிகூட உள்ள போகல. நல்லாயிருப்பீக. இல்ல இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கோர்ட்டுல இருந்து வாறேன். ஐயையோ, எம்மேல கேஸெல்லாம் கிடையாது. அறுபத்திரெண்டு வயசாச்சு, இன்னைக்கு வரைக்கும் ஒரு போலீஸ்காரன் என் கடைவாசல்ல வண்டிய நிப்பாட்டுனது இல்ல. கேஸ் இருந்திருந்தாக்கூட இம்புட்டு அசிங்கமா இருந்திருக்காது.

நமக்கு விளாத்திகுளம். மிளகா வத்தல் கமிஷன் மண்டி. சொர்ணவேல் மண்டின்னு கேட்டீகன்னா சின்னப்பிள்ளையும் கை காட்டும். வியாபாரிகள் சங்கத்துக்குப் பன்னெண்டு வருஷமா நாந்தான் தலைவர். பெருமைக்குச் சொல்லல. பெருமை பேசுற நாளா இது? ஆளு யாருன்னு தெரியாம நடந்ததச் சொன்னா வெளங்காதுன்னு சொல்றேன். இந்த பஸ்ஸு ஊரு போய்ச் சேர நேரமாகும், உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வாறேன். வீட்டுல சொல்ல முடியாது. ஊருல சொல்லவே முடியாது. நீங்க யாரோ எவரோ, அதனால சொல்லத் தோணுது.

நோட்டரின்னா தெரியும்ல? அபிடவிட்டுல ஸ்டாம்ப் ஒட்டி உருண்டைச் சீல் குத்துவாகளே, அந்த வக்கீல். ‘இன்னார் என் முன்னால வந்து நின்னு கையெழுத்துப் போட்டாரு’ன்னு சாட்சி சொல்ற வேலை. அவுக சீல் குத்திட்டா அப்பீலே இல்ல, எல்லா ஆபீஸ்லயும் செல்லும். எங்க ஊருக்கு ரொம்ப நாளா ஒரே நோட்டரி, ராமசுப்பு வக்கீல். எங்க சங்கத்துக்கும் அவருதான் சட்ட ஆலோசகர். தங்கமான மனுசன் தம்பி. நாம போகவே வேண்டாம், காகிதத்தக் குடுத்துவிட்டாப் போதும், சாயந்தரத்துக்குள்ள சீல் குத்தி வந்துரும். கேஸ் கனெக்‌ஷன்ல பேர் மாத்த, மகன் பாஸ்போர்ட்டுக்கு, எதுக்கும் நான் அவரு ஆபீஸ் படி ஏறினதில்ல. ‘என் முன்னிலையில்’னு அவர் எழுதிக்கிட்டு இருப்பாரு, நான் இங்க வத்தல் நிறுத்துக்கிட்டு இருப்பேன். அதுதான் வசதின்னு நெனச்சேன். யாரு அதப் பத்தி யோசிக்கா?

இப்ப பேச்சியம்மா கதைக்கு வாறேன்.

எம்மண்டியில மூடை தூக்குனவன் குருவையா. இருபத்தேழு வருஷம். போன தீபாவளியோட முட்டு முடியலன்னு நின்னுக்கிட்டான். என்னைவிட எட்டு வயசு மூப்பு. அவன் இவன்னுதான் சொல்லிப் பழக்கம், தப்பா எடுத்துக்கிடாதீக, அது பாசத்துல வர்றது. அவன் மகதான் பேச்சியம்மா. பள்ளிக்கூட லீவு விட்டா மண்டிக்கு வத்தல் காம்பு கிள்ள வரும். பெரிய பொம்பளைகளே கை எரியுதுன்னு எண்ணெய் கேப்பாக, இது வாயத் தொறக்காது. ‘மொதலாளி, நான் எடுத்த கூடை எத்தனைன்னு எழுதிக்கிட்டீகளா’ன்னு மட்டும் கேக்கும். அப்பவே அப்படி. அந்தப் பிள்ளை படிச்சு, திருநெல்வேலியில வக்கீலுக்குப் படிச்சு, எங்க ஊரு கோர்ட்டுலயே ஒம்போது வருஷமா ப்ராக்டீஸ் பண்ணுது. எனக்குச் சந்தோசந்தான். நான் ஏன் வயிறெரியணும்?

எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது தம்பி. பொங்கலுக்குப் பொங்கல் குருவையா எங்க வீட்டுப் பின்வாசலுக்கு வந்தா, இலை போட்டுத்தான் சோறு போடச் சொல்லுவேன். தட்டுல போட்டதில்ல. நீங்க எங்க வீட்டுல யாரையும் கேட்டுப் பாருங்க.

அந்தப் பிள்ளை போன வைகாசியில ஒரு வியாழக்கிழமை மண்டிக்கு வந்துச்சு. கறுப்புக் கோட்டு, கையில ஒரு ஃபைல். வந்து சேர்ல உக்காந்துச்சு. நான் உக்காருன்னு சொல்றதுக்கு முந்தி. நான் அதப் பெருசா எடுத்துக்கிடல. பாத்தேன், அம்புட்டுதான்.

“அண்ணாச்சி, நோட்டரிக்கு மனுப் போடுறேன்”னுச்சு. முந்தியெல்லாம் மொதலாளி, இப்ப அண்ணாச்சி. ஊரே அப்படித்தான் கூப்பிடுது, அது கூப்பிட்டா என்ன? “ஆம்பளைகளுக்குப் பத்து வருஷம் சர்வீஸ் வேணும், பொம்பளைகளுக்கு ஏழு போதும், எனக்கு ஒம்போது ஆச்சு. ஆனா மனுவுல அஞ்சு பேர் கையெழுத்துப் போடணும் அண்ணாச்சி. ஒரு மாஜிஸ்திரேட்டு, ஒரு பேங்க் மேனேஜர், ஊருக்குள்ள முக்கியமானவுக ரெண்டு பேரு, ஒரு வியாபாரி. நாலு வாங்கிட்டேன். வியாபாரின்னா எனக்கு உங்க பேருதான் மொதல்ல வந்துச்சு.”

“மொதல்ல வந்ததுன்னா மொதல்லயே வந்திருக்கலாமேம்மா”ன்னேன் சிரிச்சுக்கிட்டே.

அதுவும் சிரிச்சுச்சு. “பெரிய கையெழுத்து, கடைசியில இருக்கட்டும்னு வச்சேன் அண்ணாச்சி”ன்னுச்சு. வாய் சாமர்த்தியம் பாத்தீகளா? வக்கீல்ல!

காகிதத்த வாங்கினேன். தம்பி, நான் உங்ககிட்ட மறைக்காமச் சொல்றேன். எம் பொழப்புல நான் கையெழுத்துப் போட்ட எந்தக் காகிதத்தையும் படிச்சுப் பாத்தது கிடையாது. பேங்க்காரன் பென்சில்ல பெருக்கல் குறி போட்டுக் குடுப்பான், அந்த எடத்துல போட்டுக்கிட்டே போவேன். கோயில் கமிட்டி, லாரி ஆபீஸு, மகன் காலேஜு, எதையும் படிச்சதில்ல. அந்த ஒரு காகிதத்த மட்டும் மூணு தடவை படிச்சேன். ‘மேற்படி மனுதாரரை நாங்கள் நேரில் அறிவோம். அவர் நோட்டரியாக இருக்கத் தகுதியும் நேர்மையும் உடையவர்.’ இம்புட்டுதான் விஷயம். அடியில நாலு கையெழுத்து. அஞ்சாவதுக்குக் கோடு போட்டு விட்டிருந்துச்சு.

“இப்ப ராகு காலம்மா. சங்கத்துச் சீலும் வீட்டுல கெடக்கு. நாளைக்கு வா”ன்னேன்.

மறுநா வந்துச்சு. அன்னைக்கு அஷ்டமி. அடுத்த வாரம் வந்துச்சு, லோடு ஏறிக்கிட்டு இருந்துச்சு, கையெல்லாம் வத்தல் தூசி, காகிதத்துல பட்டுரும்னு சொன்னேன். அப்புறம் ஒரு நாளு, மகனக் கேட்டுச் சொல்றேன்னேன். எம்மகன் கோயமுத்தூர்ல இருக்கான், அவனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது கேக்கல. “சரி அண்ணாச்சி, எப்ப வரட்டும்”னு மட்டும் கேக்கும். மூஞ்சியில ஒரு சுளிப்பு கிடையாது. சுளிச்சிருந்தா நான் கோவப்பட்டு ஒரு வார்த்தை பேசி, அத்தோட முடிச்சிருப்பேன். அது சுளிக்கல. எட்டாந்தடவை வந்தப்ப சேர்ல உக்காரவும் இல்ல, நின்னுக்கிட்டே பேசுச்சு. எனக்கு ஒரு மாதிரி திருப்தியாத்தான் இருந்துச்சு. சொல்லவே கூசுது, ஆனா இருந்துச்சு.

ஏன் போடலன்னு நீங்க கேக்கலாம். ஒரு தடவை எம்பொஞ்சாதியே கேட்டா, ‘என்னங்க, ஒரு கையெழுத்துதான, போட்டுவிட்டா என்ன’ன்னு. ராமசுப்பு வக்கீல் மனசு கோணும்னு சொன்னேன். அதுவும் நெசந்தான். ஆனா அதுவா காரணம்? நான் யோசிச்சதச் சொல்லட்டுமா? இது நோட்டரி ஆயிருச்சுன்னா, ஆளு நேர்ல வந்தாத்தான் சீல் குத்தும். இதப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்ல, கூடை எண்ணிக்கைய நின்னு எழுத வச்ச பிள்ளை. நாளப்பின்ன ராமசுப்பு வக்கீல் காலத்துக்கப்புறம் ஒரு காகிதம்னா நான் அது ஆபீசுக்குப் போகணும். அது உக்காந்திருக்கும். நான் ஆதார் கார்டக் கையில வச்சுக்கிட்டு நிக்கணும். ‘சொர்ணவேல் நீங்கதான’ன்னு அது கேக்கும், நான் ஆமான்னு சொல்லணும். குருவையா மகளுக்கு முன்னால நான் யாருன்னு நான் நிரூபிக்கணும். அந்த நெனப்பு வந்தாலே பேனா மூடி கழல மாட்டேங்குது தம்பி. இப்ப சொல்லும்போது வெக்கமா இருக்கு. அப்ப அது நியாயமாத் தெரிஞ்சுச்சு.

பதினோரு தடவை வந்துச்சு. பன்னெண்டாந்தடவை வரல. விசாரிச்சா, பாத்திரக்கடை மைதீன் பாய்கிட்டப் போயிருக்கு. அவரு குண்டானை ஒரு கையில பிடிச்சுக்கிட்டே, “நம்ம குருவையா மகளா? குடு தாயி”ன்னு போட்டுக் குடுத்துட்டாராம். ஒரு நிமிசம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! இன்னும் ஒரே ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா? நான் அன்னைக்குப் போட்டாலும் போட்டிருப்பேன். இருபத்தேழு வருஷம் உப்பத் தின்ன வீடு, ஒரு வார்த்தை சொல்லாம வேற ஆளுகிட்டப் போகலாமா? இப்படித்தான் அன்னைக்குப் பேசினேன், எம்பொஞ்சாதிகிட்ட, மண்டியில இருந்தவுககிட்ட, எல்லாருகிட்டயும்.

மனு ஜில்லா ஜட்ஜுக்குப் போயிருச்சு. மனுப் போட்டா உடனே குடுத்துற மாட்டாக தம்பி. இன்னார் நோட்டரிக்கு மனுப் போட்டிருக்காரு, ஆட்சேபணை உள்ளவுக பதினாலு நாளுக்குள்ள சொல்லலாம்னு நோட்டீஸ் ஒட்டுவாக. ஒட்டின மறுநாளே ராமசுப்பு வக்கீல் போன் பண்ணாரு. நான் ஏலத்துல நிக்கேன், சுத்தி ஒரே சத்தம். “அண்ணாச்சி, நம்ம சங்கத்து சார்பா ஒரு ஆட்சேபணை போட்டுருவோமா?”ன்னாரு.

நான் “ம்”முன்னேன்.

அம்புட்டுதான் தம்பி. ‘ம்’. ஒரு வார்த்தைகூட இல்ல. என்ன எழுதப் போறீகன்னு கேக்கல. கேட்டிருக்கணும்ல? கேக்கல.

இதுல இன்னொண்ணு இருக்கு. எங்க சங்கத்துல ஒரு வழக்கம். தலைவர் மண்டிய விட்டு வர முடியாது, சங்கத்துக்கோ தெனம் ஒரு காகிதம் போகணும். சாக்கடை அள்ளச் சொல்லி மனு, பஸ் நிக்கச் சொல்லி மனு, எழவுக்கு அனுதாபக் கடுதாசி. அதனால மாசப் பொறப்புல சங்கத்து லெட்டர்பேடுல இருவது தாள எடுத்து, அடியில வெறுங்கையெழுத்துப் போட்டு ராமசுப்பு வக்கீல் ஆபீசுக்கு அனுப்பிவிட்ருவேன். அவுக மேல வேணுங்கிறத டைப் அடிச்சுக்கிடுவாக. எனக்கு முந்தி இருந்த தலைவரும் அப்படித்தான் செஞ்சாரு. அந்தத் தாளக் கொண்டுபோய்க் குடுக்கிறது யாருன்னு நெனைக்கீக? குருவையா. வேலைய விட்டப்புறமும் மாசப் பொறப்புக்கு அவனத்தான் கூப்பிட்டு விடுவேன், வேற யாருகிட்டயும் நம்பிக் குடுக்க மாட்டேன். கசங்கக் கூடாதுன்னு பிளாஸ்டிக் கவர்ல வச்சு, சட்டைக்குள்ள நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டுப் போவான். அப்படி அவன் சுமந்துட்டுப் போன தாள் ஒண்ணுதான் அவன் தலையிலயே விழுந்துச்சு.

ஆட்சேபணை வந்தா அதோட நகல மனுதாரருக்கு அனுப்பணுமாம், பதில் சொல்றதுக்கு. எனக்கு அது தெரியாது. ஆவணி மாசம் ஒரு திங்கக்கிழமை. மத்தியானம், மண்டியில ஆளு இல்ல. பேச்சியம்மா வந்துச்சு. உக்காரல. ஃபைலத் தொறந்து ஒரு காகிதத்த எடுத்து, எனக்கு முன்னாலயே நின்னு வாசிச்சுச்சு. கோர்ட்டுல வாசிக்கிற மாதிரி, ஏத்த எறக்கம் இல்லாம.

அந்த ஆட்சேபணையில, பேச்சியம்மா ஒழுங்காக் கோர்ட்டுக்குப் போறதில்லையாம், டைப் அடிச்சுக் குடுத்துப் பொழைக்குதாம். சரி, அது போகட்டும், வக்கீலுக்கு வக்கீல் போட்டி. அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க. ‘மனுதாரரின் தந்தை குருவையா என்பவர் எங்கள் சங்கத் தலைவரின் மண்டியில் வேலை பார்த்தபோது வத்தல் மூடைகளைத் திருடி வெளியேற்றப்பட்டவர். இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர் நோட்டரியாவது பொதுமக்களின் நம்பிக்கைக்கு உகந்ததல்ல.’ அடியில சங்கத்துத் தலைவர், சொர்ணவேல். எங்கையெழுத்து. வாலு இழுத்த மாதிரி இருக்கும், யாராலயும் போட முடியாது.

தம்பி, எம்மண்டிச் சாவி ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு இருபத்தேழு வருஷமும் குருவையா இடுப்புல. எங்கப்பா செத்த அன்னைக்கு நான் மண்டிய அப்படியே தொறந்து போட்டுட்டு ஓடினேன், மூணு நாளு அவந்தான் வாசல்ல படுத்துக் கெடந்தான். ஒரு வத்தல் காம்பு அவன் மடியில போனதில்ல.

“அண்ணாச்சி, இது நீங்க எழுதினதா?”ன்னு கேட்டுச்சு.

“எனக்குத் தெரியாதும்மா. நான் எழுதல”ன்னேன். அத்தோட விட்டிருக்கலாம். எழுதலங்கிறது நெசந்தான. வாய் நிக்கல. “அது எங்கையெழுத்தே இல்ல”ன்னேன்.

அது என்னப் பாத்துச்சு. பெறகு, “நல்லது அண்ணாச்சி. வர்ற இருவத்தாறாம் தேதி ஜட்ஜு முன்னால விசாரணை. நீங்க வந்து இதையே சொல்லிருங்க. எனக்கு நோட்டரி கெடைக்குறது கெடைக்காதது அப்புறம். எங்கப்பா இத வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டாரு. அன்னையில இருந்து வெளிய போகல”ன்னுச்சு.

எங்கிட்ட எலக்ட்ரானிக் தராசு இருக்கு, ஆனா எங்கப்பா காலத்துத் தராச மேல மாட்டி வச்சிருக்கேன், பூ வைக்கிறதுக்கு. அதத் தொட்டு, “தராசு மேல சத்தியம், வந்து சொல்றேம்மா”ன்னேன். தராசத் தொட்டுப் பொய் சொன்னவன் எங்க வம்சத்துல இல்ல தம்பி. இனிமே அப்படிச் சொல்ல முடியாது.

அன்னைக்குச் சாயந்தரமே ராமசுப்பு வக்கீலப் பிடிச்சு உலுக்கினேன். “என்னய்யா இப்படி எழுதிட்டீரு?” அவரு பதறவே இல்ல. “ஆட்சேபணைன்னா கொஞ்சம் காரசாரமாத்தான் இருக்கும் அண்ணாச்சி. நீங்க சரின்னுதான சொன்னீக. இப்ப யோசிச்சுப் பாருங்க. கையெழுத்து ஒங்களுது இல்லன்னா, ஃபோர்ஜரி. போலீஸு, பரிசோதனை, நான் உள்ள போவேன், நீங்களும் பொய் சொன்னதாத் தெரிஞ்சுரும். வெறுந்தாள்ல போட்டுக் குடுத்தேன்னு சொன்னீகன்னா, பன்னெண்டு வருஷமா சங்கத்துல போன அத்தனை காகிதமும் சந்தி சிரிக்கும். தலைவர் பதவி மட்டுமில்ல, ஊருக்குள்ள தலை காட்ட முடியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கையெழுத்து என்னுதுதான், மத்தது ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க. ஞாபகம் இல்லங்கிறதுக்கு எந்தச் சட்டத்துலயும் தண்டனை கிடையாது”ன்னாரு.

இன்னைக்குத்தான் அந்த இருவத்தாறாம் தேதி.

காலையில ஏழு மணிக்கே ஜில்லா கோர்ட்டுக்கு வந்துட்டேன். வரும்போது நெசத்தச் சொல்லணும்னுதான் வந்தேன். சத்தியமா. அது சரி, எஞ்சத்தியம் என்ன வெலைக்குப் போகும்? இருந்தாலும் சொல்றேன், அப்படித்தான் வந்தேன்.

பெரிய கோர்ட்டு ஹாலுன்னு நெனச்சேன். இல்ல, ஜட்ஜோட ரூம்பு. ஒரு மேசை, நாலு சேரு, சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சுல குருவையா உக்காந்திருந்தான். வெள்ளச் சட்ட, துவைச்ச வேட்டி. நான் உள்ள நுழைஞ்சதும் படக்குன்னு எந்திரிச்சான். முட்டு வலியோட, பெஞ்சப் பிடிச்சுக்கிட்டு. ஜட்ஜே, “நீங்க உக்காருங்க பெரியவரே”ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. நான் உக்காந்தப்புறந்தான் உக்காந்தான்.

ஜட்ஜு கேட்டாரு, “இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்கய்யா.”

பேச்சியம்மா தலை நிமிரல. எழுதிக்கிட்டு இருந்துச்சு.

“இதுல இருக்கிற விஷயம்?”

“சங்கத்துல பேசி எழுதினதுங்கய்யா.”

“இந்தத் திருட்டு எந்த வருஷம் நடந்துச்சு? போலீஸ்ல சொன்னீங்களா?”

“ஞாபகம் இல்லைங்கய்யா.”

“உங்க மண்டியில நடந்த திருட்டு. உங்களுக்கே ஞாபகம் இல்லையா?”

“வயசாயிருச்சுங்கய்யா.”

அப்பத்தான் குருவையா எந்திரிச்சு நின்னு கையத் தூக்கினான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. “அய்யா, நான் ஒண்ணு சொல்லலாமா? மொதலாளி மேல தப்பில்லைங்கய்யா. அவுக இத எழுதியிருக்க மாட்டாக. அவுக வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டு வக்கீலய்யாவுக்குக் குடுத்துவிடுவாக. நாந்தான் மாசாமாசம் கொண்டுபோய்க் குடுப்பேன். யாரோ மேல எழுதிட்டாகய்யா”ன்னான்.

பாருங்க தம்பி. அவன் என்னக் காப்பாத்துறான். நான் சொல்ல வேண்டியத, எனக்குத் துணிச்சல் இல்லாதத, அவன் எடுத்துக் கையில குடுக்கிறான். எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஆமான்னு சொல்லணும். போன்ல சொன்னேனே, அந்த ‘ம்’, அதையே இங்க சொல்லியிருந்தாக்கூடப் போதும்.

ஜட்ஜு எம்பக்கம் திரும்பினாரு. “இவர் சொல்றது உண்மையா? வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கிற வழக்கம் உண்டா?”

நான் சொன்னேன், “அப்படி ஒரு வழக்கம் எங்க சங்கத்துல இல்லைங்கய்யா.”

திக்கல தம்பி. தெணறல. தண்ணி மாதிரி வந்துச்சு. யாரோ எம்பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.

பேச்சியம்மா பேனாவ வச்சிருச்சு. குருவையா இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தான். என்னப் பாத்தான். கோவமாப் பாக்கல, கோவமாப் பாத்திருந்தா நான் இன்னைக்குச் சோறு தின்னுருப்பேன். மூடை சரியுறதுக்கு முந்தி ஒரு பார்வை பாப்பாக, எந்தப் பக்கம் தாங்கணும்னு, அப்படிப் பாத்தான். பாத்துட்டு ஜட்ஜுகிட்டச் சொன்னான், “அய்யா, நான் வத்தல் எடுக்கல. அத மட்டும் எழுதிக்கிடுங்க. மத்தது மொதலாளி சொல்றபடியே இருக்கட்டும்.”

“அப்பா!”ன்னுச்சு பேச்சியம்மா. ஒரே வார்த்தை.

ஜட்ஜு மூக்குக்கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, “ரெண்டு பேரும் சொன்னதப் பதிஞ்சுக்கிட்டேன். அறிக்கை மேல போகும்”னாரு. அம்புட்டுதான், முடிஞ்சுபோச்சு. வெளிய வராந்தாவுல ஒரு குமாஸ்தா அதுகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தது என் காதுல விழுந்துச்சு: “சங்கத் தலைவரே நேர்ல வந்து ஆட்சேபணைய உறுதி பண்ணிட்டா கஷ்டந்தாம்மா. அடுத்த தடவை பாப்போம்.” அடுத்த தடவைன்னா எத்தனை வருஷமோ, யாரு கண்டா?

நான் படியில எறங்கி ஓடப் பாத்தேன். அது வந்து முன்னால நின்னுச்சு. அழல. நான் அழும்னு பாத்தேன். “அண்ணாச்சி, கையெழுத்துக்காகப் பதினோரு தடவை வந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘உனக்குப் போட மாட்டேன், போ’ன்னு மொகத்துக்கு நேரா சொல்லியிருந்தீகன்னா, உங்க வார்த்தைய நம்பி எங்கப்பாவ நான் இங்க கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்”னுச்சு. ‘சாப்பிட்டியாம்மா’ன்னு கேட்டேன் தம்பி. வாயில அதுதான் வந்துச்சு. சாப்பிட்டியாம்மான்னு! அது போயிருச்சு.

அப்புறம் எங்கெங்கயோ சுத்துனேன். ரெண்டு பஸ்ஸ விட்டுட்டேன். பெறகு இந்த வண்டி கெளம்புற நேரத்துல பின்படியில தொத்தி ஏறி உங்ககிட்ட உக்காந்தேன்.

இந்தா, கண்டக்டர் வாறாரு. ஐயா, விளாத்திகுளம் ஒண்ணு குடுங்க. என்னது? எடுத்தாச்சா? நான் இன்னும் எடுக்கலய்யா, இந்தா கையில ரூபாய வச்சுக்கிட்டுல இருக்கேன். வேற யாருக்கோ எடுத்ததச் சொல்றீக. பெரியவரா? எந்தப் பெரியவரு? முன்னாலயா?

அடக் கடவுளே.

தம்பி, கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க. உங்க மறைவுல இருந்துக்கிடுதேன். மூணாவது சீட்டு, வலது பக்கம். வெள்ளச் சட்ட. பக்கத்துல ஜன்னல்ல தலையச் சாச்சு இருக்கு பாருங்க, கோட்ட மடியில மடிச்சு வச்சுக்கிட்டு. அவுகதான். இதே வண்டியில. நான் பாக்கவே இல்ல தம்பி, சத்தியமாப் பாக்கல. பாத்திருந்தா ஏறியிருப்பேனா? அவரு பாத்திருக்காரு. பாத்து டிக்கெட்டும் எடுத்துட்டாரு.

எங்க பக்கம் அப்படித்தான், தெரிஞ்சவுக ஒரே வண்டியில ஏறினா முந்திக்கிட்டு டிக்கெட் எடுக்கிறது ஒரு மரியாதை. எடுக்கட்டும். என்னைக்கும் எடுக்கட்டும். இன்னைக்குமா? என்னத் திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், நான் தொடச்சுக்கிட்டுப் போயிருப்பேன். இத எங்க கொண்டுபோய் வைப்பேன்? பாருங்க, எங்கையில இருக்கிற இந்தத் துண்டு டிக்கெட்ட.

கண்டக்டர், அடுத்து எது? குறுக்குச்சாலையா? அங்க நிப்பாட்டி எறக்கிவிட்ருங்க. தெரியும்யா, டிக்கெட் ஊரு வரைக்கும் இருக்குன்னு தெரியும். எறக்கிவிடுங்க.

தம்பி, நீங்க எங்க எறங்குறீக? விளாத்திகுளமேவா? நல்லதாப் போச்சு. ஒரு உதவி. அங்க எறங்கினதும் அந்தப் பெரியவர் பின்படிப் பக்கம் பாத்து நிப்பாரு, நான் எறங்குறேனான்னு. உங்ககிட்டக் கேப்பாரு. குறுக்குச்சாலையில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகணும்னு எறங்கிட்டாருன்னு சொல்லிருங்க. இல்ல, வேண்டாம். அங்க எனக்கு யாரும் கிடையாதுன்னு அவருக்குத் தெரியும். யாவாரியப் பாக்கப் போனாருன்னு சொல்லுங்க. அதுவும் முடியாது, எந்த ஊர்ல எனக்கு எந்த யாவாரின்னு என்னைவிட அவருக்குத்தான் அத்துபடி. திடீர்னு வயித்துவலின்னு சொன்னா? கோர்ட்டுல இருந்த வரைக்கும் நான் பச்சத் தண்ணி குடிக்கல, அதையும் வராந்தாவுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு.

வண்டி மெதுவாகுது. வாறேன் தம்பி. நீங்க வயித்துவலின்னே சொல்லிருங்க. அவரு நம்புன மாதிரியே கேட்டுக்கிடுவாரு.